பலூன் ஊதிய பிறகு லைசன் யார் கையில்?

இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தங்கச்சி எழுதிக் கேட்டிருக்கிறார். அவருடைய தம்பி ஆட்டோ ஓட்டுகிறவர். போன சனிக்கிழமை இரவு கல்யாண வீட்டிலிருந்து திரும்பும்போது நோர்வூட்டுக்குக் கிட்ட பொலிஸார் நிறுத்தி, குடித்திருக்கிறாரா என்று பார்க்கப் பலூன் ஊத வைத்திருக்கிறார்கள். நிறம் மாறிவிட்டது. வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் வைத்தியரிடமும் காட்டிவிட்டு, மறுநாள் பிணையில் விட்டிருக்கிறார்கள். லைசன் பொலிஸ் கையில். வழக்குத் தவணைக்கு இன்னும் நாள் இருக்கிறது.

இதற்குள் ஆளுக்கொரு கதை சொல்கிறார்களாம். டொரண்டோவில் இருக்கும் சின்னம்மா மகன், "வழக்குக்கு முன்னாலேயே 90 நாள் லைசன் போய்விடும், உடனே அப்பீல் எழுதிப் போடுங்கள்" என்கிறார். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஒருவர், "பொலிஸ் எடுத்தால் எடுத்ததுதான், ஒரு வருஷத்துக்குத் தொட முடியாது" என்கிறார். டவுனில் இன்னொருவர், "25,000 கட்டினால் அன்றைக்கே கையில் தந்துவிடுவார்கள்" என்கிறார். எது உண்மை, தம்பி இப்போது என்ன செய்ய வேண்டும் என்பது கேள்வி.

தங்கச்சி, நான் சட்டத்தரணி இல்லை. மலையகத்து நீதவான் நீதிமன்றம் ஒன்றில் முதலியாராக, அதாவது கூண்டுக்குப் பக்கத்தில் நின்று சிங்களத்தைத் தமிழாக்கியும் தமிழைச் சிங்களமாக்கியும் சொல்கிற ஆளாக, பல வருடம் வேலை பார்த்தவன். போதையில் வண்டி ஓட்டிய வழக்குகள் திங்கட்கிழமைகளில்தான் அதிகம் வரும். சம்பளம் போட்ட சனிக்கிழமைக்குப் பிறகு வருகிற திங்கட்கிழமை என்றால் வாசல் வரைக்கும் வரிசை நிற்கும். அங்கே பார்த்ததையும் படித்ததையும் வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் டொரண்டோக்காரர். அவர் சொல்வது பொய்யில்லை, ஆனால் அது அவருடைய ஊர்ச் சட்டம். ஒன்டாரியோ மாகாணத்தில் மூச்சுச் சோதனையில் மதுசாரம் 80ஐ (100 மில்லிலீட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம்) எட்டினாலோ தாண்டினாலோ, ஊத மறுத்தாலோ அந்த இடத்திலேயே லைசன் 90 நாளுக்கு நின்றுபோகும். 1996ஆம் ஆண்டிலிருந்து அங்கே இதுதான் நடைமுறை. வண்டியையும் 7 நாள் இழுத்துக்கொண்டு போய் வைத்துவிடுவார்கள். இதெல்லாம் நீதிமன்றம் விதிக்கிற தண்டனை இல்லை. லைசன் கொடுத்த நிர்வாகமே அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. குற்ற வழக்கு தனியாக ஓடும். அதில் குற்றவாளி என்று தீர்ப்பானால் முதல் தடவைக்கே குறைந்தது 1 வருடத் தடை வேறாக வரும். அந்த 90 நாளை எதிர்த்து முறையிட ஒரு தீர்ப்பாயம் இருக்கிறது. ஆனால் "நான் கொஞ்சம்தான் குடித்தேன்", "வண்டி இல்லாமல் பிழைக்க முடியாது" என்பதெல்லாம் அங்கே எடுபடாது. பிடிபட்டது நானில்லை, அல்லது உடல்நோயால் என்னால் ஊத முடியவில்லை, இப்படிக் காட்டினால்தான் காது கொடுப்பார்கள்.

அமெரிக்காவில் இது இன்னும் பழசு. 1976இல் மினசோட்டா மாநிலம் தொடங்கி வைத்தது. இன்று 40க்கு மேற்பட்ட மாநிலங்களில் இருக்கிறது. கலிபோர்னியாவை எடுத்துக்கொண்டால், பொலிஸ்காரர் பிளாஸ்டிக் அட்டையை வாங்கிக்கொண்டு ஒரு தாளைக் கொடுப்பார். 30 நாளுக்கு அந்தத் தாள்தான் லைசன். அதற்குப் பிறகு முதல் தடவைக்காரருக்கு 4 மாதம் தடை. வேண்டாம் என்றால் பிடிபட்ட நாளிலிருந்து 10 நாளுக்குள் மோட்டார் வாகனத் திணைக்களத்தில் விசாரணை கேட்க வேண்டும். பதினோராவது நாள் போய் நின்றால் கதவு மூடித்தான் இருக்கும். வழக்கில் நீதவான் விடுதலை செய்தாலும், ஊத மறுத்தவருக்கு வருகிற ஒரு வருடத் தடையை அது அசைக்காது. ஒன்று திணைக்களத்தோடு உள்ள கணக்கு, மற்றது நீதிமன்றத்தோடு உள்ள கணக்கு. இரண்டு புத்தகம்.

இது நியாயமா என்று அங்கேயும் சண்டை பிடித்திருக்கிறார்கள். 1971இல் ஒரு வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. அது குடி வழக்கு இல்லை. ஜோர்ஜியா மாநிலத்தில் மூன்று கிராமத்துச் சபைகளுக்குக் காரில் போய் ஊழியம் செய்த ஒரு போதகர். ஒரு சின்னப் பிள்ளை சைக்கிளோடு வந்து அவருடைய காரில் மோதிவிட்டது. காரில் காப்புறுதி இல்லை என்று, தவறு யாருடையது என்று பார்க்காமலே லைசனை நிறுத்திவிட்டார்கள். லைசன் என்பது பிழைப்போடு சேர்ந்த விஷயம், கேட்டு விசாரிக்காமல் பறிக்கக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. சரி, எட்டு வருடம் கழித்து, 1979இல், மசசூசெட்ஸ் மாநிலத்தில் ஊத மறுத்தவருடைய லைசனை முதலில் 90 நாள் நிறுத்திவிட்டுப் பிறகு விசாரித்தது சரியா என்று கேள்வி வந்தது. ஐந்து நீதிபதிகள் சரி என்றார்கள், நான்கு பேர் இல்லை என்றார்கள். வீதியில் போகிற மற்றவர்களின் பாதுகாப்பு முன்னே வரும், உடனே விசாரணை கேட்க வழி இருந்தால் போதும் என்று முடிந்தது. டொரண்டோக்காரர் சொல்கிற அவசரமெல்லாம் இந்த மாதிரி முறையிலிருந்து வருவதுதான். அங்கே நாள் எண்ணத் தொடங்குவது பிடிபட்ட இரவிலேயே.

இங்கே அப்படி இல்லை. நம்முடைய சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம். அதில் 151ஆம் பிரிவு குடித்துவிட்டு ஓட்டுவதைத் தடுக்கிறது. இந்தக் குற்றத்துக்கு லைசனை இடைநிறுத்தும் உத்தரவு நீதவான் தீர்ப்போடு வருகிறது. வீதியில் நின்ற பொலிஸ்காரர் உங்கள் தம்பியின் அட்டையை எடுத்தார், உரிமையைப் பறிக்கவில்லை. தண்டனை என்று எதுவும் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. அதனால் டொரண்டோக்காரர் சொல்கிற அப்பீலை எழுதினால் அனுப்புவதற்கு விலாசம் கிடையாது. இங்கே இருப்பது ஒரே புத்தகம். அது நீதிமன்றத்தில் இருக்கிறது.

லயத்துக்காரர் சொன்னதும் இதனால் பாதிதான் சரி. ஒரு வருடம் என்பது மேல் எல்லை. சாதாரணமாக ஓட்டிப் பிடிபட்டு, யாருக்கும் காயமில்லை என்றால், சட்டம் சொல்வது இவ்வளவு: 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டப்பணம் 25,000 முதல் 30,000 ரூபா வரை, அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும், அத்தோடு லைசன் 12 மாதம் வரை இடைநிறுத்தம். 12க்குள் எத்தனை மாதம் என்பது நீதவான் கையில். பழைய குற்றம் இருக்கிறதா, வண்டியில் ஆட்கள் இருந்தார்களா, பொலிஸ்காரரோடு சண்டைக்குப் போனாரா, இதெல்லாம் பார்க்கப்படும். குடித்துவிட்டு ஓட்டி ஒருவர் செத்துப்போனால் கதை வேறு. அங்கே நீண்ட சிறையும், லைசன் அடியோடு இரத்தும் வரும்.

இங்கே ஒரு சின்னக் குறை சொல்லிவிடுகிறேன். நம்முடைய பத்திரிகைகள் "சாரதி அனுமதிப்பத்திரம் 6 மாதங்களுக்கு இரத்து" என்று போடுகின்றன. ஆறு மாதத்துக்கு இரத்து என்று ஒன்று இல்லை. ஆறு மாதம் நிறுத்தி வைத்தால் அது இடைநிறுத்தம், நாள் முடிந்தால் அதே லைசன் திரும்பி வரும். இரத்து என்றால் லைசனே இல்லாமல் போவது. கூண்டில் நிற்கிறவருக்கு இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் ஒரு பிழைப்பே தொங்குகிறது. தீர்ப்பு வாசிக்கும்போது எந்தச் சொல் என்று காது கொடுத்துக் கேளுங்கள்.

டவுன்காரர் சொன்னதுதான் மூன்றிலும் ஆபத்தானது. அவர் வேறொன்றோடு இதைப் போட்டுக் குழப்புகிறார். ஹெல்மட் இல்லை, கோட்டைத் தாண்டினார் என்று பிடித்தால் பொலிஸார் ஒரு தண்டப்பணத் துண்டு எழுதித் தருவார்கள். 14 நாளுக்குள் தபால் கந்தோரில் கட்டிவிட்டு ரசீதைக் காட்டினால் லைசன் கையில் வந்துவிடும். நாள் தவறினால் இரட்டிப்பு. குடித்துவிட்டு ஓட்டுவது அந்தப் பட்டியலில் கிடையாது. அதற்குக் கட்டாயம் நீதவான் முன் போக வேண்டும். பணம் கட்டிவிட்டால் எல்லாம் முடிந்தது என்ற எண்ணத்தால் கெட்டுப்போன ஒருவரை என் கண்ணாலேயே பார்த்தேன். வேன் வைத்து மரக்கறி ஏற்றுகிற ஆள். குற்றத்தை ஒப்புக்கொண்டார், தண்டப்பணமும் 6 மாத இடைநிறுத்தமும் விதித்தார்கள். நீதிமன்றத்தில் காசு வாங்குகிற சிறாப்பரிடம் பணத்தைக் கட்டி, ரசீதை நான்காக மடித்து மேல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, படி இறங்கி, கீழே நிறுத்தியிருந்த வேனில் ஏறி சாவியைத் திருப்பினார். வாசலில் நின்ற பொலிஸ்காரர் ஒருவர் ஓடிப்போய் நிறுத்தாவிட்டால், அன்றைக்கே அடுத்த வழக்கும் விழுந்திருக்கும். "காசு கட்டிட்டேனே" என்று அவர் ரசீதை விரித்துக் காட்டியது இன்னும் நினைவிருக்கிறது. தண்டப்பணம் ஒன்று, தடை இன்னொன்று. ஒன்றைக் கட்டினால் மற்றது போகாது.

இப்போது தம்பி கையில் இருக்கிற காகிதத்துக்கு வருவோம். லைசனை எடுக்கும்போது பொலிஸார் ஏதாவது துண்டு கொடுத்திருப்பார்கள். பிணைப் பத்திரமும் இருக்கும். அந்தத் துண்டில் எந்தத் திகதி வரை செல்லும், அதை வைத்து வண்டி ஓட்ட அனுமதி இருக்கிறதா என்று எழுதியிருக்கும். அதைப் படித்த பிறகுதான் ஆட்டோவைத் தொட வேண்டும். துண்டே தரவில்லை, அல்லது திகதி முடிந்துவிட்டது என்றால், பொலிஸ் நிலையத்துக்குப் போய்க் கேட்டு எழுதி வாங்க வேண்டும். "எல்லாரும் ஓட்டுறாங்க" என்பது அடுத்த சோதனையில் பதிலாகாது. லைசன் இல்லாமல் ஓட்டுவதற்கும் 2019க்குப் பிறகு 25,000 ரூபாவில்தான் தண்டப்பணம் தொடங்குகிறது. லைசன் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்து ஓட்டவிடும் சொந்தக்காரருக்கும் அப்படியே. தம்பி வாடகை ஆட்டோ ஓட்டுகிறவர் என்றால் முதலாளியிடம் இதைச் சொல்லிவிடுவது மரியாதை. சொந்த ஆட்டோ என்றால் ஒரு நல்ல செய்தி: தடை வருவது ஆளுக்கு, ஆட்டோவுக்கு இல்லை. லைசன் உள்ள வேறொருவரை வைத்து ஓட்டலாம். லீசிங் தவணை நிற்காமல் போக அதுதான் வழி. மாமனோ மச்சானோ யாராவது இருந்தால் இப்போதே பேசி வையுங்கள். தீர்ப்பு நாளன்று மாலையில் ஆள் தேடினால் கிடைக்காது.

அமெரிக்காவில் வேலைக்குப் போய்வர மட்டும் என்று சுருக்கிய லைசன் சில இடங்களில் கொடுக்கிறார்கள். ஊதினால்தான் எஞ்சின் பிடிக்கிற பூட்டு ஒன்றையும் காரில் பொருத்துகிறார்கள். நான் வேலை பார்த்த காலத்தில் அப்படி ஒரு உத்தரவை எங்கள் நீதிமன்றத்தில் ஒருநாளும் மொழிபெயர்த்ததில்லை. அந்த நம்பிக்கையில் இருக்க வேண்டாம்.

பலூன் சரியாகக் காட்டியதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கல்யாண வீட்டில் "ஒரு கால் போத்தலுக்கு மேல் இல்லை" என்று தம்பி சத்தியம் செய்கிறாராம். நான் நம்புகிறேன். அந்தக் கால் போத்தலே போதும் என்பதுதான் சங்கடம். சட்டம் அனுமதிக்கிற எல்லை 100 மில்லிலீட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம். கனடாவின் குற்றச் சட்டத்திலும் இதே 80தான். தமிழ்நாட்டு யூடியூப் பார்த்துவிட்டு 30 என்று சொல்கிறவர்களும் உண்டு, அது இந்தியக் கணக்கு. கால் போத்தல் என்றால் ஏறக்குறைய 180 மில்லிலீட்டர். சாராயத்தில் மூன்றில் ஒரு பங்கு மதுசாரம் என்று வைத்தால், அதில் 47 கிராம் அளவு மதுசாரம் இருக்கிறது. 60 கிலோ எடையுள்ள ஆண் ஒருவர் அதை வெறும் வயிற்றில் வேகமாகக் குடித்தால் இரத்தத்தில் 110ஐத் தாண்டும். சோறும் இறைச்சியும் சாப்பிட்டிருந்தால் ஏறுவது மெதுவாகும், கொஞ்சம் குறையும். ஆனால் 80க்குக் கீழே நிற்கும் என்று யாரும் எழுதித் தர முடியாது. நம்முடைய ஆட்களில் பலர் 50 கிலோவைத் தாண்டாதவர்கள். எடை குறையக் குறைய அதே கால் போத்தல் இன்னும் கூடக் காட்டும்.

இறங்குகிற கணக்கையும் பாருங்கள். ஈரல் ஒரு மணித்தியாலத்துக்கு 15 மில்லிகிராம் போலத்தான் கரைக்கும். பிளேன்டீ குடித்தாலும், குளிர்ந்த தண்ணீரில் தலை முழுகினாலும், நுவரெலியாப் பனியில் ஒரு மணி நேரம் நின்றாலும் அந்த வேகம் மாறாது. அரைப் போத்தல் அடித்துவிட்டு இரவு 11 மணிக்குப் படுத்தவர், காலை 5 மணிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்ற ஆட்டோவை எடுக்கிறார். தூங்கி எழுந்துவிட்டார், முகம் கழுவிவிட்டார், விபூதியும் பூசிவிட்டார். இரத்தத்தில் இன்னும் 100க்கு மேல் இருக்கலாம். காலைச் சோதனையில் பிடிபட்டு, "நான் நேற்று ராத்திரி குடிச்சதுங்க" என்று கூண்டில் நின்று அழுதவர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. சட்டம் கேட்பது எப்போது குடித்தாய் என்பதை இல்லை, ஊதுகிற நேரத்தில் உடம்பில் எவ்வளவு இருக்கிறது என்பதை.

பலூன் என்று நாம் சொல்வது ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயும் அதன் முனையில் ஒரு பையும். குழாய்க்குள் மஞ்சள் நிறத்தில் பொடி இருக்கும். மூச்சில் உள்ள மதுசாரம் பட்டால் அந்தப் பொடியில் உள்ள குரோமியம் பச்சையாகும். பை எதற்கு என்றால், எல்லாரும் ஒரே அளவு காற்றை ஊத வேண்டும் என்பதற்காக. பச்சை எந்தக் கோடு வரை போனது என்று பார்ப்பார்கள். வாயில் அப்போதுதான் ஊற்றிய மதுவோ அரிஷ்டமோ மிச்சமிருந்தாலும் பச்சை கூடுதலாகக் காட்டக்கூடும். அதனால்தான் கடைசி மடக்குக்குப் பிறகு 15 நிமிடம் விட்டு ஊத வைப்பது நல்ல பழக்கம். நீதிமன்றத்தில் "தசமூலாரிஷ்டம் குடித்தேன்" என்று சொன்னவர்களை எண்ணினால் மலையகத்தில் இத்தனை பேருக்கு வாதநோயா என்று தோன்றும். அரிஷ்டத்தில் மதுசாரம் இருப்பது உண்மைதான். ஆனால் மருந்துக் கரண்டியில் குடித்து 80ஐத் தொட முடியாது.

உங்கள் தம்பி விஷயத்தில் பலூனோடு நிற்காமல் வைத்தியரும் பார்த்திருக்கிறார். மூச்சு வாடை, கண், பேச்சு, நேராக நடக்க முடிகிறதா, விரலால் மூக்கைத் தொட முடிகிறதா, இதெல்லாம் பார்த்து அறிக்கை எழுதுவார்கள். வழக்கை எதிர்த்துப் பேசுவதா இல்லையா என்று முடிவு செய்ய அந்த அறிக்கையில் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். அடுத்த தடவை ஊத மறுத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்க வேண்டாம். மறுத்தால் குடித்திருந்தார் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுகிற பாரம் மறுத்தவர் தலையில் விழும்.

சரி, தவணை நாள். நான் அதிகம் சொல்ல நினைப்பது இதைப் பற்றித்தான்.

பெயரைக் கூப்பிட்டதும் கூண்டில் ஏற வேண்டும். குற்றச்சாட்டைச் சிங்களத்தில் வாசிப்பார்கள். வடக்கு கிழக்குக்கு வெளியே நீதிமன்ற மொழி சிங்களம். ஆனால் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரையின்படி தமிழில் பேசவும், நடப்பதைத் தமிழில் கேட்கவும் தம்பிக்கு உரிமை உண்டு. மொழிபெயர்ப்பாளரைத் தருவது அரசின் பொறுப்பு, அதற்குப் பணம் கேட்க முடியாது. வாசித்து முடிந்ததும் குற்றவாளியா சுற்றவாளியா, அதாவது குற்றமற்றவரா, என்று கேட்பார்கள்.

இந்த இடத்தில்தான் நம்முடைய ஆட்கள் வழுக்கி விழுகிறார்கள். ஒருமுறை வயசான ஒரு லொறிச் சாரதி. குற்றச்சாட்டை நான் தமிழில் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு வரிக்கும் "ஆமாங்க, ஆமாங்க" என்று தலையாட்டினார். நம்முடைய பக்கத்தில் பெரியவர்கள் பேசும்போது "ஆமாங்க" என்றால் காதில் விழுகிறது என்று அர்த்தம், ஒப்புக்கொள்கிறேன் என்று இல்லை. கங்காணி பேசினாலும் ஆமாங்க, துரை பேசினாலும் ஆமாங்க. தலைமுறையாக வந்த பழக்கம். கடைசியில் "குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா" என்று கேட்டதற்கும் அதே ஓட்டத்தில் "ஆமாங்க" வந்தது. எனக்கு நெஞ்சில் உறுத்தியது. அவருக்குக் கேள்வி சரியாக விளங்கவில்லை போலத் தெரிகிறது, இன்னொரு தரம் கேட்கட்டுமா என்று நீதவானிடம் அனுமதி கேட்டேன். அவரும் நல்ல மனிதர், சரி என்றார். இந்தத் தரம் பேச்சுத் தமிழில் கேட்டேன்: "ஐயா, நீங்க குடிச்சிட்டு லொறி ஓட்டுனது உண்மையா?" அவர் திடுக்கிட்டு, "ஐயோ இல்லைங்க, நான் பக்கத்து சீட்டிலதான் இருந்தேன், ஓட்டுனது கிளீனர் பொடியன்" என்றார். அந்த வழக்கு பிறகு எப்படி முடிந்தது என்பது வேறு கதை. ஒரு "ஆமாங்க"வில் அவருடைய லைசன் போக இருந்தது.

அதனால் தம்பிக்குச் சொல்லுங்கள்: கேள்வி முடியும் வரை வாயைத் திறக்க வேண்டாம். விளங்கவில்லை என்றால் "விளங்கவில்லை, தமிழில் சொல்லுங்கள்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அதற்காக யாரும் கோபப்பட மாட்டார்கள். கோபப்பட்டாலும் பரவாயில்லை.

ஒப்புக்கொள்வதா இல்லையா என்பதை ஒரு சட்டத்தரணியிடம் காகிதங்களைக் காட்டி முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். தம்பி குடித்ததை மறுக்கவில்லை, வைத்தியர் அறிக்கையும் அப்படியே சொல்கிறது என்றால், என் அபிப்பிராயத்தில் முதல் தவணையிலேயே ஒப்புக்கொண்டு, தடை நாளைக் குறைக்கக் கேட்பதுதான் புத்தி. இழுத்தடித்தால் ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாள் சம்பளம், பஸ் காசு, சட்டத்தரணிக்குக் கட்டணம் என்று போகும். தடை எப்போது தொடங்கும் என்பதும் தொங்கிக்கொண்டே இருக்கும். ஒப்புக்கொண்ட பிறகு சட்டத்தரணி எழுந்து சில வார்த்தை சொல்வார். பழைய குற்றம் இல்லை, ஆட்டோ ஓட்டித்தான் குடும்பம் நடக்கிறது, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், அன்றைக்கு ஆட்டோவில் பயணிகள் இல்லை என்பதையெல்லாம் அங்கே சொல்லலாம். இதற்கு ஆதாரமாக ஏதாவது கையில் இருந்தால் நல்லது. லீசிங் புத்தகம், கிராம சேவகர் கடிதம், பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கடிதம் எதுவானாலும் சரி. சட்டத்தரணி பிடிக்கப் பணமில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். வருமானத்தைக் காட்டினால் அவர்களே ஆள் தருவார்கள்.

ஒப்புக்கொள்ளாமல் வழக்காடித் தோற்றால், தீர்ப்பு நாளிலிருந்து 14 நாளுக்குள் மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்யலாம். நாள் எண்ண வேண்டியது அங்கேதான், பிடிபட்ட இரவிலிருந்து இல்லை. ஒப்புக்கொண்டவருக்கு அந்த வாசல் ரொம்பக் குறுகிப்போகும். ஆகவே ஒப்புக்கொள்வது விளையாட்டு இல்லை.

தடை விதித்த அன்றே, எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை, முடிந்த பிறகு லைசனை எங்கே போய் யாரிடம் வாங்க வேண்டும், என்ன காகிதம் கொண்டு வர வேண்டும் என்று பதிவாளர் கந்தோரில் கேட்டு, வழக்கு இலக்கத்தோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து வழக்கு இலக்கம் தெரியாமல் வந்து, அலுமாரிக்கு முன்னால் அரை நாள் நிற்கிறவர்களைத் தினமும் பார்த்தேன். இடையில் லைசனின் ஆயுள் முடிகிறதா என்றும் பாருங்கள். சாதாரண வண்டிக்கு 8 வருடம், கனரக வண்டிக்கு 4 வருடம். தடையும் முடிந்து ஆயுளும் முடிந்திருந்தால் புதுப்பிக்காமல் ஓட்டக் கூடாது.

ஆட்டோ எங்காவது மோதியிருந்தால் காப்புறுதியை நம்ப வேண்டாம். குடித்து ஓட்டியதற்கு வண்டிச் சேதம் தருவதில்லை என்று பெரும்பாலான ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும்.

டொரண்டோக்காரர் கடைசியாக ஒன்று கேட்டாராம்: இங்கேயும் அந்த முறை வந்தால் நல்லதுதானே, குடிகாரனை அன்றைக்கே வீதியிலிருந்து இறக்கிவிடலாமே என்று. கினிகத்தேனையிலிருந்து ஹட்டன் வரை ஏறுகிற வளைவுகளையும், சிவனொளிபாதமலை யாத்திரைக் காலத்தில் இரவிரவாக மஸ்கெலியா வீதியில் வருகிற வேன்களையும் நினைத்தால் எனக்கும் ஆசைதான். தீர்ப்பு வரும் வரை அதே ஆள் அதே வளைவில் ஓட்டிக்கொண்டிருப்பது எந்த ஊரிலும் நல்லதில்லை. ஆனால் 10 நாளுக்குள் எழுதிக் கேள், இல்லாவிட்டால் உன் உரிமை போச்சு என்கிற முறையை நம்முடைய லயத்துக்குக் கொண்டு வந்தால் என்ன ஆகும்? லய வீட்டுக்கு இலக்கமும் இல்லை, வீதிப் பெயரும் இல்லை. கடிதம் தோட்டக் கந்தோருக்கு வரும். அங்கிருந்து யாராவது டிவிசனுக்கு எடுத்து வருவார்கள். ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தால் வேறு வீட்டுக்குப் போய்த் திரும்பும். கையில் கிடைக்கும்போது பத்து நாள் எப்போதோ முடிந்திருக்கும். கிடைத்தாலும் அதை வாசித்துச் சொல்ல சிங்களம் தெரிந்த ஆளைத் தேட வேண்டும். முதலில் விலாசம் கொடுங்கள், பிறகு நாள் குறிக்கலாம் என்பேன்.

இப்போதைக்கு ஒரு வேலை செய்யுங்கள் தங்கச்சி. தம்பியிடம் இருக்கிற துண்டையும் பிணைப் பத்திரத்தையும் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் படம் எடுத்து அனுப்புங்கள். திகதி முத்திரை தெளிவாகத் தெரிய வேண்டும். சிங்களத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வரி வரியாகச் சொல்கிறேன். அதுவரை ஆட்டோச் சாவி உங்களிடமே இருக்கட்டும்.